எண் புகும் களம்

(கணக்காசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கு கூடிய அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துப்படி)



தமிழில் கணக்கியல் கற்பிக்க இயலுமா என்பது பழைய வினா. 'இயலும்' என்று மேடையில் முழங்குவோர் பலர். கரும்பலகை முன் நின்று இயற்றிக் காட்டுவோர் சிலர். இன்றைய பொழிவு அச் சிலரின் பணியைப் பற்றியது. ஆகலின் முழக்கம் குறைவாகவும் கணக்கு மிகுதியாகவும் இருக்கும். எழுதுகோலும் தாளும் வைத்திருப்பவர்கள் இப்பொழுதே கையில் எடுத்துக்கொள்வது நலம்.

மேனிலைப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்ததை முதலிற் கேளுங்கள். பத்தாம் வகுப்புவரை தமிழில் பயின்று, பதினோராம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றப்பெற்றாள் ஒரு மாணவி. பெற்றோர் செங்கற் சூளையில் கூலி வேலை செய்வோர். கணக்கில் கூரிய பெண் என்று கீழ் வகுப்புகளிற் பெயர் எடுத்தவள். வகுப்புத் தேர்வில் 'ஃபைண்ட் த டொமெய்ன்' என்று ஒரு வினா. கோவை இது:

சா(ம) = √(ம − 2) / (ம − 5)

'டினாமினேட்டர் நாட் ஈக்குவல் டு சீரோ' என்று அவள் நெட்டுருச் செய்து வைத்திருந்தாள். அதன்படி 'ஐந்து நீங்கலாக எல்லா எண்களும்' என்று எழினாள்போல் ஒரு வரி எழுதி முடித்தாள். விடை தவறு. கிடைத்த மதிப்பெண் சுழி. 'வேர்க்குறியை ஏன் பார்க்கவில்லை?' என்று ஆங்கிலத்தில் வினவியபோது வாய் திறக்கவில்லை.

அதே பள்ளியின் வேறோர் ஆசிரியர், அதே கோவையைக் காட்டித் தமிழில் வேறு வகையாகக் கேட்டார். "இந்தக் கோவைக்குள் எந்த எண்ணை விடலாம் அம்மா? எதை விட்டால் கணக்கு நடுவழியில் நின்றுபோகும்?" பெண் சற்றே நோக்கினாள். "ஐந்தை விட்டால் கீழே சுழி வந்துவிடும் ஐயா. ஒன்றை விட்டால் வேருக்குள் குறையெண் வரும். இரண்டுக்குக் கீழே எதுவும் ஆகாது." முழு விடையும் அதனுள் அடங்கிவிட்டது. கணக்கு அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வினாவே அவளைச் சென்று சேரவில்லை.

இனி அந்த வினாவிற்குள் நுழைவோர் முதலில் 'சார்பு' என்பதன் பொருளை உணர்தல் வேண்டும். ஒரு மாறிக்கு ஒரு மதிப்புக் கொடுத்தால், அதற்கென ஒரே ஒரு விடையைத் திருப்பித் தருவது சார்பு. நெல் போட்டால் அரிசி தரும் ஆலைபோல்வது. ஆயிலர் 1748-இல் வெளியிட்ட நூலில் எழுத்தும் எண்ணும் கலந்த கோவையையே சார்பு என்றார். 1837-இல் திரிச்சிலே அதனை விரித்து, கோவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மதிப்பிற்கும் ஒரே விடை உறுதிப்பட்டால் அது சார்பே என்றார். இவ் 'ஒரே விடை' என்னும் நிலைப்பாட்டை நினைவில் நிறுத்துக. பின்னே சுழியைப் பற்றிய வழக்கைத் தீர்க்கப்போவது இதுவே.

ஆலைக்குள் கல்லைப் போட்டால் ஆலை நின்றுபோகும். எவற்றைப் போட்டால் நில்லாது ஓடுமோ அவற்றின் முழுத் தொகுப்பே ஆங்கிலத்தில் 'டொமெய்ன்' எனப்படுவது. தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு மதிப்பகம் என்றும் சார்பகம் என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. ஆட்களம் என்பாரும் உளர். மூன்றும் தமிழே. ஆயினும் மூன்றும் ஒத்த தகுதியின அல்ல. மதிப்பு என்றவுடன் மாணாக்கன் உள்ளத்தில் எழுவது வெளியே வரும் விடை. இங்கோ உள்ளே புகும் எண்கள் பேசப்படுகின்றன. எனவே மதிப்பகம் திசை மாற்றும் சொல். சார்பகம் என்பது சார்பு இருக்குமிடம் என்று மட்டும் கூறி நின்றுவிடுகிறது. ஆள் என்னும் வினையடியோடு களம் சேர்ந்து ஆட்களம் ஆகிறது: சார்பின் ஆணை செல்லும் நிலப்பரப்பு. பொருள் பொருந்துகிறது. 'ஆட்கள் நிற்கும் இடமா?' என்று குறும்புப் பையன் ஒருவன் கட்டாயம் கேட்பான். கேட்கட்டும், ஒருமுறை சிரித்த சொல்லை அவன் மறக்கமாட்டான். இப் பொழிவில் ஆட்களம் என்பதே ஆளப்பெறும்.

பின்னம் என்னும் சொல்லும் வடசொல்லே. உடைந்தது என்று பொருள். தமிழர் எண்சுவடியில் முழுவெண்கள் மேல்வாய் இலக்கம் என்றும், ஒன்றின் கூறுகள் கீழ்வாய் இலக்கம் என்றும் வழங்கின. முந்திரி 320-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. மாகாணி 16-இல் ஒன்று. இவற்றைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர் பெருக்கியும் கூட்டியும் வாய்விட்டு ஒப்பித்தனர். கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இவ் வழக்கின் மேலெழுந்தவை. எனவே கீழ்வாய்க் கோவை என்னும் பெயர் புதிதாய்ச் செய்ததன்று, பழம் பெட்டியிலிருந்து எடுத்தது. அதே வேளையில், சார்பு என்னும் கருத்தும் அதன் ஆட்களமும் முன்னோர்க்குத் தெரிந்திருந்தன என்று சிலர் எழுதிவருவது பொய்ப்பெருமை. இருந்ததை இருந்தது என்க. இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் இருந்ததும் ஐயத்திற்கு இடமாகும்.

கீழ்வாய்க் கோவையில் மேலிருப்பது தொகுதி, கீழிருப்பது பகுதி. பகுப்பது ஆகலின் பகுதி. பகுதி சுழியாகக் கூடாது. ஏன் கூடாது? இங்கேதான் ஆசிரியர் பலரும் 'அது அப்படித்தான்' என்று கடந்துவிடுகின்றனர். அது பெரும் பிழை. 12-ஐ 4-ஆல் வகுத்தால் 3 என்பதன் பொருள், மூன்றை நான்காற் பெருக்கினால் 12 வரும் என்பதே. அங்ஙனமாயின் 12-ஐச் சுழியால் வகுத்துக் கிடைப்பது எதுவாயினும், அதனைச் சுழியாற் பெருக்கினால் 12 வருதல் வேண்டும். எந்த எண்ணைச் சுழியாற் பெருக்கினாலும் சுழியே வரும். ஆகவே விடையே இல்லை. சுழியைச் சுழியால் வகுத்தால்? இங்கு நிலைமை தலைகீழ். ஏழைச் சுழியாற் பெருக்கினாலும் சுழி. எழுபதைப் பெருக்கினாலும் சுழி. எல்லா எண்ணும் விடையாகின்றன. 'ஒரே விடை' என்னும் நிலைப்பாடு உடைகிறது. முன்னதில் விடை இல்லை. பின்னதில் விடை மிகுதி. இரண்டும் சார்பிற்கு ஆகா.

இது பேரறிஞர்களையே தடுமாறச் செய்த இடம். பிரமகுத்தர் 628-இல் எழுதிய சமற்கிருத நூலில், சுழியைச் சுழியால் வகுத்தால் சுழி என்றார். ஒன்பதாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சமணக் கணக்கறிஞர் மகாவீரர், சுழியால் வகுக்கப்பெறும் எண் மாறாது நிற்கும் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாற்கரர், வரும் ஈவு முடிவற்றது என்றார். மூன்றும் இன்று ஏற்கப்படுவன அல்ல. மகாவீரர் கூற்றுப்படி 12-ஐச் சுழியால் வகுத்தால் 12 என்றால், 12-ஐச் சுழியாற் பெருக்கினாலும் 12 வருதல் வேண்டுமே! வடமொழியாளர் பிழைத்தனர் என்று இங்கே கைதட்டுவார் உளராயின் சற்றுப் பொறுக்க. வினாவை எழுப்பித் துணிந்து விடை கூறியவர்கள் அவர்கள். மேலும் அதே மகாவீரர், குறையெண் எதுவும் ஓர் எண்ணின் இருபடியாக இராது, எனவே அதற்கு வேர் இல்லை என்று சரியாகவே கண்டார். அக் கூற்று இன்றைய பொழிவின் மறுபாதிக்கு அடிப்படை.

சுழி ஏன் ஆகாது என்பதை ஆற்றிலும் காணலாம். ஆறு மணிக்கு 3 கல் விரைவில் ஓடுகிறது. எதிரோட்டத்தில் 12 கல் தொலைவு படகு செல்லவேண்டும். நில்நீரில் படகின் விரைவு மணிக்கு வி கல் எனின், ஆகும் நேரம் 12 / (வி − 3) மணி. விரைவு 5 எனில் 6 மணி நேரம். 4 எனில் 12 மணி. மூன்றரை எனில் 24 மணி. மூன்றேகால் எனில் 48 மணி. இரண்டு பகல், இரண்டு இரவு. விரைவு மூன்றேயாயின்? ஓட்டி துடுப்பை வலித்துக்கொண்டே இருப்பான். கரையிலுள்ள புளியமரம் அவன் தோளுக்கு நேராகவே நிற்கும். 'எத்தனை மணியில் சேர்வான்?' என்னும் வினாவிற்கு விடை ஓர் எண் அன்று. சேரவேமாட்டான். பகுதி சுழியாவதன் பொருள் இதுதான்.

இன்னும் ஒன்று. விரைவு 2 எனில் அவ் வாய்பாடு −12 மணி என்று ஒரு விடை தருகிறது. கணக்கு நிற்கவில்லை, ஆயினும் படகு பின்னோக்கி அடித்துச் செல்லப்படுகிறது. ஆகவே கோவைக்கு ஆட்களம் மூன்று நீங்கலாக எல்லா எண்களும். படகோட்டிக்கு ஆட்களம் மூன்றிற்கு மேற்பட்ட எண்கள் மட்டுமே. கோவை பொறுத்துக்கொள்வதையெல்லாம் ஆறு பொறுத்துக்கொள்வதில்லை. வினாவில் வெறுங்கோவை தரப்பட்டதா, பொருளோடு இயைந்த கோவை தரப்பட்டதா என்று நோக்கியே ஆட்களம் கூறவேண்டும் என்பதை எத்தனை வகுப்புகளில் சொல்கின்றனர்?

அடுத்தது வேர். வர்க்கமூலம் என்பது இரு வடசொற்களின் சேர்க்கை; இருபடிவேர் என்க. இலத்தீனிலும் அரபியிலும் இதற்கு வழங்கும் சொற்களுக்கும் வேர் என்பதே பொருள். 9-இன் இருபடிவேர் 3. சுழியின் இருபடிவேர் சுழி. −9-க்கு? மிகையெண்ணைத் தன்னாற் பெருக்கினாலும் மிகை. குறையெண்ணைத் தன்னாற் பெருக்கினாலும் மிகை. எனவே மெய்யெண்களுள் −9-க்கு வேர் இல்லை. மெய்யெண்களுக்கு அப்பால் ஓர் எண்ணுலகு உண்டு, அங்கு உண்டு. பொம்பெல்லி என்னும் இத்தாலியர் அதன் நெறிகளை 1572-இல் வெளியிட்டார். பள்ளிப் பாடம் மெய்யெண்களோடு நிற்பதால் இப் பொழிவும் அங்கேயே நிற்கும்.

ஆகவே நெறி இது: வேர்க்குறியின் கீழ் உள்ளது சுழியாகவோ சுழிக்கு மேற்பட்டதாகவோ இருத்தல் வேண்டும். √(ம − 3) என்பதில் ம − 3 ≥ 0. எனவே ம ≥ 3. மூன்று உள்ளே அடங்கும். சுழிக்கு வேர் உண்டு. பகுதியில் சுழி ஆகாது என்று படித்த பழக்கத்தால் வேரிலும் சுழியை விரட்டிவிடுவோர் பலர். சுழி செய்த குற்றமெல்லாம் பகுதியில் நிற்பது மட்டுமே.

மற்றொரு மயக்கம் √(−ம). குறைக்குறியைக் கண்டவுடன் 'ஆட்களம் இல்லை' என்று எழுதிவிடுகின்றனர். மாறிக்கு முன்னே குறைக்குறி நின்றால் மட்டும் உள்ளிருப்பது குறையெண் ஆகிவிடுமா? ம-வின் இடத்தில் −9 இட்டால் வேருக்குள் வருவது 9, வேர் 3. எனவே −ம ≥ 0, அதாவது ம ≤ 0. சுழியும் எல்லாக் குறையெண்களும் ஆட்களம். √(5 − 2ம) என்பதிலோ −2ம ≥ −5. இரு பக்கத்தையும் −2-ஆல் வகுத்தால் குறி திரும்பும். ம ≤ இரண்டரை. குறி ஏன் திரும்புகிறது என்று கேட்பவனுக்கு, 2 < 3 ஆயினும் −2 > −3 அன்றோ என்று காட்டினாலே போதும். இரண்டு உருவா கடன்பட்டவன் மூன்று உருவா கடன்பட்டவனினும் மேலான நிலையில் இருக்கிறான்.

வேருக்குள் இருபடிக் கோவை வந்தால் எண்கோடு வரைதல் நலம். √(ம² − 5ம + 6) என்பதில் உள்ளிருப்பது (ம − 2)(ம − 3). இரண்டிலும் மூன்றிலும் அது சுழியாகிறது. இவ் விரு புள்ளிகளும் எண்கோட்டை மூன்று துண்டாக்குகின்றன. ஒவ்வொரு துண்டிலிருந்தும் ஓர் எண்ணை எடுத்து உள்ளே விடுக. சுழியை விட்டால் 6, மிகை. இரண்டரையை விட்டால் காலளவு குறை. நான்கை விட்டால் 2, மிகை. ஆகவே ம ≤ 2 அல்லது ம ≥ 3. இடைத்துண்டு மட்டும் வெளியே. சோற்றுப் பானையில் ஒரு பருக்கை பார்ப்பது போன்றதே இது. ஆயினும் மூன்று பானைக்கும் தனித்தனிப் பருக்கை வேண்டும்.

இப்போது கீழ்வாயும் வேரும் சேரும் இடம். மாணவி எழுதிய கோவைக்குத் திரும்புக. மேலே √(ம − 2). ம ≥ 2 வேண்டும். கீழே ம − 5; ம ≠ 5 வேண்டும். இரண்டு வாயில், இரண்டு காவலர். ஒருவன் விட்டால் போதாது, இருவரும் விடவேண்டும். எனவே இரண்டு முதல் மேலுள்ள எல்லா மெய்யெண்களும், ஐந்து நீங்கலாக. வேரே பகுதிக்கு இறங்கி, 1 / √(ம − 2) என நின்றால், இரு காவலரும் ஒரே வாயிலில் நிற்கின்றனர். வேர் சுழியை ஏற்கும், பகுதி ஏற்காது. எனவே ம > 2, இரண்டும் வெளியே.

பகுதியில் வேர் இருந்தால் எப்போதும் '>' இடுக என்று இதனைச் சுருக்கி நெட்டுருச் செய்விக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதன் கேட்டை 1 / (√(ம − 1) − 3) காட்டும். இங்கே பகுதி என்பது வேர் மட்டுமன்று. வேரில் மூன்று குறைந்தது. வேருக்காக ம ≥ 1. ம = 1 எனில் பகுதி −3; தீங்கில்லை; ஒன்று உள்ளேதான். பகுதி சுழியாவது √(ம − 1) = 3 ஆகும்போது, அதாவது ம = 10 ஆகும்போது. எனவே ஒன்று முதல் எல்லாம், பத்து நீங்கலாக. நெட்டுருக்காரன் ஒன்றை வெளியேற்றிப் பத்தை உள்ளே விட்டிருப்பான்.

சுருக்கியபின் ஆட்களம் காண்பது மற்றொரு பெருந்தவறு. (ம² − 9) / (ம − 3) என்பதை வெட்டிச் சுருக்கினால் ம + 3. சுருங்கிய கோவைக்கு எல்லா எண்ணும் ஆகும். மூலக் கோவைக்கு மூன்று ஆகாது. அங்கே அது சுழியின் கீழ்ச் சுழி. ஆட்களத்தை முதலிற் கண்டு எழுதிவிட்டுப் பிறகே கத்தியை எடுக்கவேண்டும். இதனினும் நுண்ணியது ஒன்று. √((ம − 2) / (ம − 5)) என்பதும், √(ம − 2) / √(ம − 5) என்பதும் ஒன்றே என்று எழுதிவிடுவோர் ஆசிரியரிலும் உளர். ம = 1 இட்டுப் பார்க்க. முன்னதில் −1-இன் கீழ் −4, அது கால், வேர் அரை. கணக்கு ஓடுகிறது. பின்னதில் தொகுதியிலேயே −1-க்கு வேர் கேட்கிறது, நின்றுவிடுகிறது. முன்னதன் ஆட்களம் ம ≤ 2 அல்லது ம > 5. பின்னதன் ஆட்களம் ம > 5 மட்டும். எழுத்து ஒன்றுபோல் இருந்தும் நிலம் வேறு.

ஒருவர் எழுந்து, 'இவற்றையெல்லாம் தமிழில் சொல்லலாம்; குறிகள் ஆங்கிலமாயிற்றே' என்று வினவக்கூடும். குறிகளின் பிறப்பைக் கேளுங்கள். கூட்டற்குறியும் கழித்தற்குறியும் முதன்முதல் அச்சேறியது 1489-இல், இலைப்சிக்கு நகரில், விட்மன் என்பார் வணிகர்க்காகச் செருமானிய மொழியில் எழுதிய நூலில். இன்று முழுதும் பேசப்பட்ட வேர்க்குறி 1525-இல் உருடோல்பு எழுதிய செருமானிய நூலில் தோன்றியது. நிகர்க்குறி 1557-இல் இரெக்கார்டு என்பார் ஆங்கிலத்தில் எழுதிய நூலிற் பிறந்தது. அறியா எண்ணுக்கு நெடுங்கணக்கின் இறுதி எழுத்துகளை இடும் வழக்கம் 1637-இல் தெக்கார்த்து பிரெஞ்சில் எழுதிய நூலால் நிலைத்தது. மேற்சொன்ன பொம்பெல்லி எழுதியது இத்தாலியத்தில். அந்நாளில் ஐரோப்பாவில் கற்றோர் மொழி இலத்தீன். செருமானியத்தில் கணக்கா, ஆங்கிலத்தில் கணக்கா என்று நகைத்த காலம் அது. அப்படியிருந்தும் இக் குறிகள் தாய்மொழி நூல்களிலேயே முளைத்தன. வணிகர்க்கும் கைவினைஞர்க்கும் புரிய எழுதியவர்க்கே சுருக்கமும் தெளிவும் தேவைப்பட்டன போலும். முறையாகக் கூறவேண்டின், பெரிது சிறிது காட்டும் > < குறிகள் மட்டும் 1631-இல் ஏரியட்டின் இலத்தீன் நூலில் வந்தன. அவர் பிறப்பால் ஆங்கிலேயர்.

ஆட்களம் காண்பது தேர்வுக்கான வெற்றுப் பயிற்சி என்று எண்ணுவோர்க்கு ஒரு சான்று. 1905-இல் ஐன்சுடைன் செருமானியத்தில் எழுதிய கட்டுரையின் அடிப்படைக் கோவைகளுள் ஒன்று:

1 / √(1 − வி²/ஒ²)

வி என்பது ஒரு பொருளின் விரைவு. ஒ என்பது ஒளியின் விரைவு, நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். ஓடும் கடிகை எத்துணை மடங்கு மெதுவாகும் என்பதை இக் கோவை கூறும். விரைவு ஒளியினதில் ஐந்தில் மூன்று பங்கு எனில், வேருக்குள் 25-இல் 16, வேர் ஐந்தில் நான்கு, விடை ஒன்றேகால். ஐந்தில் நான்கு பங்கு எனில், விடை மூன்றில் ஐந்து, அதாவது ஒன்றும் மூன்றில் இரண்டும். இதன் ஆட்களத்தைப் பதினோராம் வகுப்பு மாணாக்கனே காணலாம். வேருக்குள் குறையெண் ஆகாது. வேர் பகுதியில் தனித்து நிற்பதால் சுழியும் ஆகாது. எனவே வி² < ஒ². எடையுள்ள எப் பொருளும் ஒளியின் விரைவை எட்டாது என்னும் பேருண்மை, அந்தச் சிறு '<' குறியினுள் ஒடுங்கிக் கிடக்கிறது. அதை '≤' என்று எழுதிவிட்ட பையனுக்கு அரை மதிப்பெண் குறைப்பதோடு நில்லாமல், அவன் எதை இழந்தான் என்றும் சொல்லுதல் வேண்டும்.

இந்த அவையில் இருப்போர்க்கு ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொருளுக்கு மூன்று தமிழ்ச் சொல் படைத்து, மூன்றையும் மூன்று நூலில் அச்சிட்டு, எது சிறந்தது என்று தமிழ்ப் புலவர் வழக்காடிக் கொண்டிருக்க, மாணாக்கன் மதிப்பகம் வேறு, சார்பகம் வேறு என்று எண்ணி இரண்டையும் தனித்தனியே தேடுகிறான். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதாலேயே அது எளிது என்று அவனுக்குத் தோன்றுகிறது. பழி அவன்மேல் இல்லை. இங்குள்ள கணக்காசிரியர்கள் ஆட்களத்தை ஏற்காவிடின் மதிப்பகத்தையே ஏற்றுக்கொள்ளட்டும். ஆயினும் ஒன்றாக இருக்கட்டும். சொல்லை ஆக்கும் புலவர்களும் √(−ம)-வின் ஆட்களத்தைத் தாமே ஒருமுறை கண்டபின் சொல்லாக்க அவையில் அமரட்டும்.

அந்த மாணவியின் செய்தி எஞ்சி நிற்கிறது. அடுத்த தேர்வில் அவளுக்கு வந்த கோவை √(2 − ம) / (ம² − 9). பகுதி சுழியாவது 3-இலும் −3-இலும். வகுப்பில் பெரும்பாலோர் 'இரண்டும் அதற்குக் கீழும், 3-உம் −3-உம் நீங்கலாக' என்று எழுதினர். அவள் ஆங்கில வரிகளுக்கு நடுவே தமிழில் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'மூன்று முன்னரே வெளியில் நிற்கிறது, −3-ஐ மட்டும் நீக்கினாற் போதும்.' ஆங்கில வழித் தாளில் தமிழ் வரிக்கு மதிப்பெண் தரலாமா என்று ஆசிரியர் அறையில் அரைமணி நேரம் வழக்கு நடந்தது. இறுதியில் தந்தனர்.